கன்னி மூலைக்குச் சாய்ந்த வீடு

அந்த இரும்புத் தோணியின் அடித்தகட்டில் ஓட்டை இருந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதன் மேல் டைல்ஸ் ஒட்டி எங்களைக் குடிவைத்தீர்கள்.

உங்கள் பெயரை நான் எழுதவில்லை. மூணாறு பக்கம் காட்டேஜ் கட்டித் தருகிற கான்ட்ராக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய தோணியை ஹவுஸ்போட்டாக்கி அணைத் தண்ணீரில் விடுகிறவர் நீங்கள் ஒருவர்தான். படிக்கிறவர்களுக்கு அது போதும். உங்களுக்கும் போதும்.

நாங்கள் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்கள். தென்னந்தோப்பும் போர்வெல்லும்தான் எங்கள் பிழைப்பு. என் வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்காகக் காயல் பக்கம் போனவர், ஹவுஸ்போட்டைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து, நாமும் ஒன்று வாங்கிச் சுற்றுலா வருகிறவர்களைத் தங்க வைக்கலாம் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அப்போதுதான் மலைமேல் அணைக்கரையில் ஒரு பழைய பார்ஜ் கிடக்கிறது, விலைக்கு வருகிறது என்று யாரோ சொன்னார்கள். அணையில் சேறு அள்ளும் இயந்திரத்தைச் சுமந்த இரும்புத் தோணி. வேலை முடிந்ததும் கரையில் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"நம்மள்ல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாதுங்களே" என்றேன்.

"வாய்க்கா மடையத் தொறக்கறதுக்கே வெட்டுக்குத்து நடக்கிற ஊரு நம்முளுது, அம்மிணி. ஒருக்கா தண்ணி மேலயே குடியிருந்து பாத்துரலாம் வா" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்தால் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நீங்கள் முதலில் வந்தது கோடையில். அணையில் தண்ணீர் இறங்கி, தோணி சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தீர்கள். எல்லா இடத்திலும் டங், டங் என்று மணி மாதிரிக் கேட்டது. ஒரு மூலையில் மட்டும் டொப் என்றது. நீங்கள் அந்த இடத்தில் இரண்டாவது தரம் தட்டவில்லை. நான் கவனித்தேன். கேட்கவும் செய்தேன்.

"உள்ள சேறு கெடக்குக்கா. அதான் சத்தம் மாறுது. ஒரு கொழப்பமும் இல்ல" என்றீர்கள். வயதில் என்னைவிட மூத்தவர் நீங்கள். வேலை பிடிக்க வந்த இடத்தில் எல்லோரும் உங்களுக்கு அக்காதான் போலிருக்கிறது.

தோணியின் மேல்தளத்தில் நான்கு இரும்பு மூடிகள் இருந்தன. ஒவ்வொரு மூடியைத் திறந்தாலும் கீழே ஓர் அறை. ஆள் குனிந்து நிற்கலாம். என் வீட்டுக்காரரே டார்ச்சும் வாளியுமாக நான்கு அறைகளிலும் இறங்கிச் சேற்றை அள்ளி வெளியே கொட்டினார். தகடு பழசுதான், ஆனாலும் முழுசாக இருக்கிறது என்றார். அந்த டொப் மூலையையும் பார்த்தார். துருப்பிடித்த தகடு. அதைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

அதற்கப்புறம் உங்கள் ஆட்கள் இறங்கினார்கள். உள்ளே துருவைச் சுரண்டித் தார் பூசினார்கள். எங்களை இறங்க வேண்டாம் என்றீர்கள். தார் வாடை தலைக்கேறும், மயக்கம் வரும் என்றீர்கள். நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள் என்று நினைத்தோம்.

மழை பிடித்து அணை நிறைந்ததும் தோணி மிதந்தது. கரையோரமாக நான்கு பக்கமும் கயிறு கட்டி நிறுத்தினீர்கள். மிதந்த பிறகுதான் வீடு கட்டும் வேலை ஆரம்பமானது. நான் வீடு என்று சொல்வதைக் கவனியுங்கள். நீங்கள் கட்டியது வீடுதான். படகு கட்ட உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே திரும்பிப் போயிருப்போம்.

வாஸ்து பார்த்தீர்கள். வருகிற தமிழ்க் கஸ்டமர் எல்லாம் கேட்பார்கள் என்றீர்கள். கன்னி மூலை கனமாக இருக்க வேண்டும், ஈசானி மூலை லேசாக இருக்க வேண்டும் என்று தென்மேற்கு மூலையில் கூரை மேல் தண்ணீர்த் தொட்டி வைத்தீர்கள். தரையில் கட்டுகிற வீட்டில் நாங்களும் அப்படித்தான் வைப்போம். என் வீட்டுக்காரருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"தோணி திரும்புனா கன்னி மூலையும் கூடவே திரும்பிராதுங்களா?" என்று நான் கேட்டேன்.

உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "நாலு பக்கமும் கட்டிப் போட்டிருக்கோம்லக்கா. எங்க திரும்பும்? பொஞ்சாதி மாதிரி போட்ட எடத்துலயே கெடக்கும்."

அந்தக் கன்னி மூலைதான் டொப் மூலை. அது தற்செயலாக அமைந்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

பிறகு தரை போட்டீர்கள். இரும்புத் தளத்துக்கு மேல் சிமென்ட் கலவை, அதற்கு மேல் டைல்ஸ். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். வீட்டுத் தரைக்குப் பார்ப்பது போலவே, மிதக்கிற தோணிக்கும். கன்னி மூலைப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. தாழ்ந்த பக்கம் கலவையை ஏற்றிப் போட்டார். குமிழி நடுவுக்கு வந்தது. மறுநாள் காலையில் வைத்துப் பார்த்தால் குமிழி மறுபடி ஓடிவிட்டது. மறுபடி அதே பக்கம் கலவை போட்டார். போட்ட பாரத்தில் அந்தப் பக்கம் இன்னும் இறங்கியது. இறங்க இறங்க, அவர் கலவை போட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏனுங் கொத்தனாரே, போட்டதெல்லாம் எங்கீங்க போவுது?" என்று கேட்டேன்.

"அதாந் தெரீலீங் அம்மிணி. என்ற ஆயுசுல இப்படியொரு தரையப் பாத்ததில்லீங். நேத்து மட்டமா இருந்துச்சு, இன்னைக்கு மொகத்தத் திருப்பிக்குது" என்றார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரைத் தோணியில் ஏற்றியது நீங்கள். குமிழி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றதும் நீங்கள்தான். தோணி தினமும் தாழ்கிறது என்றால் உள்ளே என்ன ஏறுகிறது என்று கேட்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? இன்னும் இரண்டு மூட்டை சிமென்ட் கொண்டுவரச் சொன்னீர்கள்.

மூடிகளைப் பற்றி முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். நாலையும் மூட வேண்டாம், சமையலறையில் இருக்கிற ஒன்றையாவது விட்டு வையுங்கள், நாளைக்கு எட்டிப் பார்க்க வழி வேண்டும் என்று. கரைக் குழாய்க்குப் பக்கம் என்று சமையலறையை மட்டும் அக்கினி மூலையில் வைக்காமல் அந்தக் கன்னி மூலையில் வைத்திருந்தீர்கள். சரி என்று தலையாட்டினீர்கள். ஊரில் மாரியம்மன் நோம்பி வந்தது. நானும் அவரும் போய்விட்டுத் திரும்பி வந்தோம். சமையலறைத் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. மூடியைக் காணோம்.

"மூடி எங்கீங்க?" என்றேன்.

"மூடியா? அதான் மூடியாச்சேக்கா" என்றீர்கள். உங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. கால் தடுக்கும், கஸ்டமர் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று காரணம் சொன்னீர்கள். பெயர்த்து எடுக்கச் சொன்னேன். "புது டைல்ச ஒடைக்கவா சொல்லுதீய?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்கள். அவர் என்னைப் பார்த்தார். முடிந்தது.

ஜன்னலுக்கு வீட்டுக்குப் போடுகிற மாதிரியே கம்பி போட்டீர்கள். தண்ணீர் நடுவில் எந்தத் திருடன் வருவான் என்று கேட்டேன். குரங்கு வரும் என்றீர்கள். லைசென்ஸுக்காகச் சோதனை பண்ண வந்த அதிகாரிகள் லைஃப் ஜாக்கெட்டை எண்ணினார்கள், தீயணைக்கும் சிலிண்டரைப் பார்த்தார்கள், சாயா குடித்துவிட்டுப் போனார்கள். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை.

தங்குவதற்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கதவைச் சாத்தினால் தானே திறந்துகொள்ளும். தோசைக்கல்லில் மாவை ஊற்றினால் ஒரு பக்கமாக ஓடும். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, இந்தப் பக்கம் ஊத்தப்பம், அந்தப் பக்கம் ரோஸ்ட்டு. எதுக்குங்க பில் போடுவீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்புக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன்.

கட்டில் மேல் படுத்தால் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. போனில் உங்களிடம் சொன்னேன். தோணி என்றால் தண்ணீர்ச் சத்தம் கேட்கத்தான் செய்யும் என்றீர்கள். அலை வெளியில் அடிப்பது எனக்குத் தெரியும். இது உள்ளேயிருந்து கேட்டது. தரையில் காதை வைத்துக் கேட்டேன். அதையும் சொன்னேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றீர்கள். வரவில்லை.

தோணி சாய்ந்த அன்றைக்குக் கஸ்டமர் ஒருவர்கூட இல்லை. நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். காலைப் பலகாரம் முடிந்து, கரையிலிருந்து குழாய் வழியாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தோம். தொட்டி ஆடுகிறது என்று அவர் கயிறு எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறினார். நான் சமையலறையில் நின்றேன். முதலில் டைல்ஸ் வெடித்தது. பட்டாசுச் சரம் மாதிரி, வரிசையாக. அப்புறம் அடுப்பு நகர்ந்தது. கேஸ் சிலிண்டர் உருண்டு வந்து என் காலில் இடித்தது. தரை சுவர் மாதிரி எழுந்தது. மேலே அவர் என்னைக் கூப்பிட்டது கேட்டது. அப்புறம் தொட்டி சரிகிற சத்தம். அவர் குரல் நின்றுவிட்டது.

கழுத்துத் தண்ணீரில் நின்றேன். கைக்கு எட்டுகிற ஜன்னலில் உங்கள் கம்பி. அதைப் பிடித்து உலுக்கினேன். ஆளைத்தான் உள்ளே வைத்திருந்தது. குரங்கு ஒன்றும் வரவில்லை. கரையோரம் என்பதால் அந்த மூலை சேற்றில் போய் உட்கார்ந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர்கள் ஓடி வந்து, கதவை உடைத்து என்னை இழுத்தார்கள். அவரைத் தொட்டிக்கும் கூரைக் குழாய்க்கும் நடுவிலிருந்து எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது. இப்போது கக்கத்தில் கட்டை வைத்து நடக்கிறார். தென்னை மரம் ஏறிக்கொண்டிருந்த மனுஷன்.

அதோடு விட்டிருந்தால்கூட விதி என்று இருந்திருப்பேன். நீங்கள் விடவில்லை. தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் கூட்டம் போட்டார்கள். ஹாலில் மைக்கைப் பிடித்து நீங்கள் பேசினீர்கள். "நாம எவ்வளவு நல்லாக் கட்டிக் கொடுத்தாலும், ஆசப்பட்டு ஆள அடைச்சு ஏத்துனா எந்தத் தோணிதான் தாங்கும்?" என்றீர்கள். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் கட்டையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். நான் எழுந்தேன். "அக்கா உக்காருங்க, நேரமாச்சு, எல்லாரும் சாயா குடிப்போம்" என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். வெளியே வரும்போது ஒருவன் அவர் காதுபடக் கேட்டான்: "எத்தன பேருண்ணே ஏத்துனீங்க, பஸ்சு மாதிரி?" அவர் கட்டையை ஊன்றிப் படியிறங்கினார். அன்றிலிருந்து மலைப்பக்கம் போகவே மாட்டேன் என்கிறார்.

கோடை வந்தது. தண்ணீர் இறங்கியது. தோணி மறுபடி சேற்றில் வெளியே தெரிந்தது. இந்தத் தரம் நான் தனியாகப் போனேன். கரையில் வெல்டிங் வேலை பார்க்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சமையலறைத் தரையை உடைக்கச் சொன்னேன். கலவை ஒரு முழம் உயரம் இருந்தது. அதற்கடியில் என் மூடி. மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன்.

டொப் மூலையில் அண்டா அளவுக்கு ஒரு சிமென்ட் கட்டி, அடித்தகட்டோடு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் பெயர்ந்து, அதற்கடியில் என் கை நுழைகிற ஓட்டை. பழைய ஆட்கள் போட்ட சிமென்ட் என்று நீங்கள் சொல்லலாம். சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் சேறு அள்ளியபோது அங்கே அது இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சிமென்ட்டின் மேலே தார் பூசியிருந்தது. தார் பூசியது உங்கள் ஆட்கள் மட்டும்தான். துருவைச் சுரண்டும்போது தகடு பிய்ந்திருக்கிறது. தகட்டை மாற்றாமல் சிமென்ட்டைக் கொட்டி, அதை மறைக்கத் தாரைப் பூசி, அதையும் மறைக்க மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டினீர்கள். இரும்பும் சிமென்ட்டும் ஒன்றாக அசையாது. தோணி ஆட ஆட விளிம்பு விட்டுப்போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. குமிழி ஏன் ஓடியது என்று கொத்தனாருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும்.

திரும்பும்போது உங்கள் இரண்டாவது தோணியைப் பார்த்தேன். அதே கரையில், மழையை எதிர்பார்த்து நிற்கிறது. ஜன்னலுக்குக் கம்பி வைத்தாகிவிட்டது. தென்மேற்கு மூலையில் தொட்டிக்குத் தாங்கு கட்டியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றிக்காட்டப் போகிற தோணி என்று அங்கே வேலை செய்தவர் சொன்னார். எங்கள் தோணி ஆள் அதிகம் ஏற்றியதால் கவிழ்ந்தது என்றால் இந்தத் தோணிக்கு ஒன்றும் ஆகாது என்று ஊர் நம்பும். அதற்குத்தான் அந்தப் பழியை என் வீட்டுக்காரர் தலையில் வைத்தீர்கள்.

எனக்கு உங்கள் பணம் வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். நான் உடைத்த தரையை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் இறங்கிப் பார்க்கலாம். மழைக்கு முன்னால் அதே ஹாலில் கூட்டத்தைக் கூட்டுங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். தாருக்கு அடியில் சிமென்ட் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். இரண்டாவது தோணியின் மூடிகளை எல்லோர் முன்னாலும் திறந்து காட்டுங்கள். அன்றைக்குத் தோணியில் எத்தனை பேர் இருந்தோம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கட்டை ஊன்றியாவது அவரைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.