செடிம் ஆற்றங்கரையில் சூடான சோறு

1974 ஆகஸ்டு, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சிடாம் கிரியில் பேருந்து ஏறும்போது என் மனைவி லூர்துவின் கையில் மூன்று பைகள். ஒன்றில் உடுப்பு, மற்ற இரண்டிலும் சட்டி, கரண்டி, அரிசி, அரைத்த மிளகாய்.

"ரெண்டு நாள் ஓய்வெடுக்கப் போறோம். கடை வைக்கப் போகல" என்றேன்.

"அங்க என்னா இருக்குமோ, யாரு கண்டா?" என்றாள்.

அவள் எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் பத்தொன்பது வருடமாகச் சமையல்காரி. நான் ரப்பர் புகைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். துரை விடுமுறையில் சீமைக்குப் போனதால் கிடைத்த ஓய்வு இது. பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். பங்களாவில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் நின்றபடி சாப்பிடுகிறவள், வீட்டிலும் எங்களுக்குப் போட்டுவிட்டு ஆறிப்போனதைச் சாப்பிடுகிறவள், ஒரு வேளையாவது என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

சுங்கை பட்டாணிக்கு அறுபது காசு. அங்கிருந்து கூலிமுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. கூலிமிலிருந்து கரங்கானுக்கு எழுபது காசு. வழியெங்கும் ரப்பர், நடுநடுவே இளம் செம்பனை. கரங்கானில் இறங்கியபோது மணி பதினொன்று. நாங்கள் போகவேண்டிய செடிம் ஆற்றுக்கு இன்னும் ஏழெட்டு மைல், பேருந்து கிடையாது. விழித்துக்கொண்டு நின்ற எங்களை மளிகைக் கடைக்கார பாய் தன் வேனிலிருந்து பார்த்தார்.

"எங்கண்ணே, ஆத்துக்கா? அந்தப் பக்கத்து மலாய்க் கம்பத்து ஊருக்குச் சாமான் எறக்கத்தான் போறேன். ஏறுங்கலா!"

இறங்கும்போது காசை நீட்டினேன். "அக்கா வழிபூரா முட்டைத் தட்டை மடியில வச்சுப் பிடிச்சுகிட்டு வந்தாங்களே, அது போதும்" என்றார். அந்த மேடுபள்ளத்தில் ஒரு முட்டைகூட உடையவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும்.

செடிம் ஆறு பாறைகளுக்கு நடுவே இரைந்துகொண்டு ஓடியது. கரையில் மூன்று பலகைக் குடில்கள், சற்றுத் தள்ளி எல்லாருக்கும் பொதுவான ஒரு சமையல் கொட்டகை. ஓர் இரவுக்கு ஆறு வெள்ளி. குடிலைக் கண்டதும் லூர்து பழக்கதோஷத்தில் பின்பக்கம் சுற்றிப் போனாள்; பங்களாவில் அவளுக்குப் பின்வாசல்தான். இங்கே பின்பக்கம் ஆறுதான் இருந்தது. செருப்பை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சிரித்துவிட்டேன். பிறகு எனக்கே மனசுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

குடில்களைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர் பாக் மான். விருந்தாளிகளுக்குச் சமைப்பது அவர் மனைவி என்றும், மகள் வீட்டுக்குப் போயிருக்கிறவர் மறுநாள்தான் வருவார் என்றும் சொல்லி வருத்தப்பட்டார். லூர்துவுக்கு ஒரே கொண்டாட்டம். அடுத்த நிமிடம் கொட்டகைக்குள் இருந்தாள். மாலையில் நான் ஆற்றில் கிடந்தேன். அவள் அங்கிருந்த சட்டிகளையெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்தா வந்துட்டேங்க" என்றாளே தவிர வரவில்லை. பாக் மான் பிடித்த மீனில் குழம்பு வைத்து எனக்கும் அவருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்போரம் நின்றே சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழரை. பக்கத்துக் குடிலில் தங்கியிருந்த பினாங்குக்காரர் எட்டிப் பார்த்து, "ஆயா, மூணு டீ. சீனி கொறச்சு" என்றார். இவளும் போட்டுக் கொடுத்தாள்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ இங்க விருந்தாளி. ஆயா இல்ல!"

"கேட்டாங்க, குடுத்தேன். தேஞ்சா போயிட்டேன்?"

பாக் மானிடம் போய், எனக்குத் தெரிந்த மலாயில், கொட்டகையைப் பூட்டச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என் மனைவி வரட்டும். பூட்டே வேண்டாம்" என்றார்.

பதினோரு மணிக்கு அந்த அம்மா, மாக் சிக் எசா, கூடையோடு வந்து சேர்ந்தார். பளபளத்த சட்டிகளைப் பார்த்தார். லூர்துவைப் பார்த்தார். "இது என் அடுப்பு, அக்கா" என்று மலாயில் மெதுவாகத்தான் சொன்னார். லூர்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

நான் வாயைப் பிளந்தேன். "நான் சொன்னா மட்டும் கேக்க மாட்டே?"

"இன்னொரு சமையக்காரி அடுப்பத் தொடலாமாங்க? என் அடுப்பத் தொட்டா நான் விடுவேனா?"

பகல் ஒரு மணிவரை பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தாள். கையை என்ன செய்வதென்று தெரியாமல் புல்லைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். மாக் சிக் எசா பாய் விரித்து, இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சோறு, புளிப்பு மீன் குழம்பு, ஆற்றோரத்தில் பறித்த கீரை. பரிமாற எழுந்தவளைத் தோளில் கைவைத்து அமர்த்தினார். லூர்து சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். அப்படியே நிறுத்திவிட்டாள்.

"என்னா, உப்பு பத்தலயா?"

"இல்லங்க" என்றாள். "சோறு சூடா இருக்கு."

என் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

ஞாயிறு காலை புறப்படும்போது மாக் சிக் எசாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை கும்பிடா என்று அவர் நினைத்திருக்கலாம். லூர்து மிச்சமிருந்த அரைத்த மிளகாயை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள்.

எங்கள் தோட்டத்தில் ஆறும் இல்லை, பாறையும் இல்லை. அன்று மாலை வீட்டில், வழக்கம்போல எனக்கு மட்டும் தட்டு வைத்துச் சோறு போட்டாள். நான் தொடவில்லை.

"ஆறிடப் போவுது, சாப்பிடுங்களேன்."

"நீ உக்காரு. சாப்பிடறேன்."

என்னை முறைத்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தாள்.