நனைந்த கோடாலி

மயிலாடும்பாறை அன்னத்தாயிடம் உயிரைக் கேட்டால்கூட ஒரு நிமிஷம் யோசிப்பாள். கோடாலியை இரவல் கேட்டால் யோசிக்கவே மாட்டாள், இல்லை என்றுவிடுவாள். வீடு வீடாகப் போய் விறகு பிளந்து பிழைப்பவள். ஆண்டிபட்டிச் சந்தையில் இரும்பைச் சுண்டி ஓசை கேட்டுத்தான் வாங்குவாள். காம்புக்கு நரம்பு நேராக ஓடுகிற வெக்காலி மரக் கொம்புதான் வேண்டும். வாரம் ஒருமுறை அரம் போட்டு, கல்லில் தீட்டி, எண்ணெய் தடவி வைப்பாள். காம்பை இரும்போடு இறுக்குகிற ஆப்பு துளி அசைந்தாலும் வேலையை நிறுத்திவிடுவாள்.

இவ்வளவு கவனம் சும்மா வரவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் செல்லப்பாண்டி, ஆப்பு அடிக்காமல், தலை ஆடிய கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போட்டார். காம்பு உப்பி இறுகிக்கொண்டது. வெயிலில் காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துபோய், ஓங்கியபோது இரும்பு கழன்று வந்து இவள் கணுக்காலைப் பெயர்த்தது. அன்றிலிருந்து விந்தி விந்தித்தான் நடை. நொண்டுகிற ஒவ்வொரு அடிக்கும் அவருக்கு ஒரு வசவு. மனுஷர் பதிலே பேசியதில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம். அம்மன் கோயில் அன்னதானத்து விறகு பாதியில் கிடக்கிறது, ஆப்பு தெறித்து எங்கோ போய்விட்டது. சமையல்காரர் அவசரப்படுத்துகிறார். அன்னத்தாய் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கோடாலியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினாள். மத்தியானத்துக்குள் இறுகிவிட்டது, வேலையும் முடிந்தது. நாளைக்கு ஆப்பு அடித்துக்கொள்ளலாம் என்று வீட்டு வெளிச்சுவரில் சாத்தி வைத்தாள்.

மறுநாள் உச்சிவேளையில் குளித்துவிட்டு வந்தால் கோடாலியைக் காணோம். பக்கத்து வீட்டு முற்றத்தில் விறகு பிளக்கிற சத்தம். அங்கே ஜக்கம்மா நிறைமாசக்காரி. அவள் புருஷன் மேகமலைத் தோட்டத்தில் வேலையாக இருந்தான். பிரசவத்துக்கு வெந்நீர் போட வேண்டுமே என்று செல்லப்பாண்டி அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். காலையிலிருந்து அடித்த வெயிலும் காற்றும் அந்தக் காம்பை என்ன செய்திருக்கும்?

அன்னத்தாய் "நிறுத்துங்க" என்று கத்தினாள். ஆடிக்காற்று அதை எங்கோ கொண்டுபோயிற்று. ஈரச்சேலை காலைத் தட்ட, விழுந்து எழுந்து ஓடினாள். கடவுளே, அந்தப் பிள்ளை தள்ளி உட்கார்ந்திருக்கணுமே.

ஜக்கம்மா தள்ளி உட்காரவில்லை. அவருக்கு நேர் எதிரே குந்தியிருந்து சிராய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோடாலி மேலே போயிற்று. அன்னத்தாய் அவளை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்துச் சரிந்தாள். ஜக்கம்மா இருந்த இடத்துக்குப் பின்னால் பானை உடைந்து தண்ணீர் ஓடியது.

செல்லப்பாண்டி கையில் வெறும் காம்பு. 

"பிள்ளத்தாச்சியக் கொல்லப் பாத்தேனே" என்றார்.

"நீங்க இல்ல. நாந்தேன் நேத்துத் தொட்டியில போட்டேன்." என்றாள் அன்னத்தாய்.

அவர் அவளுடைய காலைப் பார்த்தார்.

"அவசரமா இருந்துச்சா?"

தலையாட்டினாள்.

"எனக்கும் அன்னைக்கி அவசரந்தேன்."

பதினோரு வருஷத்தில் ஏன் ஊறப்போட்டார் என்று அவள் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.