சூடானால் நிற்கும் படகு

படகக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆற்றின் இரண்டு கரையிலும் சொல்வார்கள். வரட்டுமே! காலையில் ஆட்களை ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து அடுத்த கூட்டத்தை ஏற்றி, பொழுது சாயும்வரை அதே ஆற்றை உழுதுகொண்டிருக்கிறவளுக்குக் கோபம் வராமல் பாட்டா வரும்? வரும் என்பதுதான் விசேஷம். என்ஜின் நன்றாக ஓடுகிற நாளில் உரக்கப் பாடுவாள். ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் கேட்டது.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஒரே இடம், எதிரே ஒரே சுவர். சித்தப்பா தன் படகை விற்கப்போகிறார் என்று காதில் விழுந்த அன்றே போய், எனக்கே கொடுங்கள் என்று நின்றுவிட்டாள். பெண் ஓட்டினால் எவர் ஏறுவார் என்று ஊர் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? முதலில் ஏறியவர் அக்கரை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா. அவர் பின்னாலேயே பிஸ்கட் கம்பெனிப் பெண்கள், பள்ளிக்கூட டீச்சர் என்று சேர்ந்து, காலைப் படகில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. பஸ்ஸில் பாலம் சுற்றிப் போனால் கழுத்து வலிக்கத் தூங்கலாம். படகிலோ, நாலு வீட்டுக் கதை முடிவதற்குள் கரை வந்துவிடும்.

புருஷன் தையல்காரர். கடைத்தெருவில் ஒடுங்கிய கடை. ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சட்டைகள். அளவு டேப்பை அவர் தொடுவது மரியாதைக்குத்தான். ஆளைப் பார்த்ததுமே, போன தடவைக்கு இப்போது உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார். தொழிலில் அப்படிப் புலி. தண்ணீர் என்றால் மட்டும் குலைநடுக்கம். பெண்டாட்டி ஓட்டுகிற படகில் அவர் ஒரு நாள்கூட ஏறியதில்லை. கரையில் நின்று கை ஆட்டுவதோடு சரி.

கோடை வெயில் ஏறத் தொடங்கியதும் என்ஜினுக்குச் சனியன் பிடித்தது. காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும். பாதி ஆறு நன்றாகப் போகும். நடுவில் இருக்கிற மணல் திட்டை நெருங்கும்போது இரண்டு முறை இருமும், மூன்றாவதாக ஒரு விக்கல், அவ்வளவுதான், கப்சிப். கொஞ்ச நேரம் காத்திருந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க்கைத் திறந்து பார்ப்பாள். நிறைய இருக்கும். மூடிவிட்டு இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். என்ஜின் தலையில் கை வைக்க முடியாத சூடு. ஆக, சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்ன?

மெக்கானிக் அண்ணனிடம் கழற்றிக்கொண்டு போனாள். அவர் என்ஜினைத் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் மாட்டி, தன்னுடைய டேங்க்கிலிருந்து குழாய் கொடுத்து ஓடவிட்டார். அவர் டீ குடித்துவிட்டு, கடையில் உட்கார்ந்து ஊர்ப் பஞ்சாயத்து பேசிவிட்டு வந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கிற ரப்பர் விசிறியைப் புதிதாகப் போட்டார். படகில் மாட்டியதும் திட்டருகே பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி கொண்டுபோனதற்கு, என்னிடம் ஓடுகிறதே, உன் கைராசி சரியில்லையோ என்றார். வேறு நாளாக இருந்தால் அவர் கதி அதோகதி ஆகியிருக்கும். என்ஜின் அவர் கையில் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை நிலைமை முற்றிவிட்டது. படகு நின்று, நீரோட்டத்தில் இழுபட்டு, கோரைப்புல்லுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. பிஸ்கட் கம்பெனிப் பெண்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் இராத்திரி வேலை பார்த்தவர், மாற்றிவிட நர்ஸம்மா வராததால் வீட்டுக்குப் போக முடியாமல் காத்துக் கிடந்தார். இறங்கும்போது நர்ஸம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. திங்கட்கிழமையிலேருந்து நாங்க பஸ்லயே போயிக்கிறோம்."

கோபம் எங்கே வந்தது? காலைக் கூட்டம் போனால் படகே போன மாதிரி. விற்றுவிட்டு மறுபடி ஒரு சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். சாயங்காலம் நேரே புருஷன் கடைக்குப் போய், எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள், பட்டன் தைக்க வருகிறேன் என்றாள். அவர் மெஷினை நிறுத்தினார். பெண்டாட்டி மேல் அவருக்கு உயிர். ஆனால் காற்றும் தண்ணீருமாகத் திரிந்தவளை இந்த ஒடுங்கிய கடையில் அடைத்து வைத்தால் முதலில் எது உடையும், மெஷினா, தன் மண்டையா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதைவிட, அவள் குரல் அத்தனை தணிந்து அவர் கேட்டதே இல்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, நானும் வர்றேன். நான் படகைப் புடிச்சிக்கிறேன், நீ என்ஜினைப் பாரு," என்றார்.

பிடித்துக்கொண்டார், ஆனால் படகை அல்ல. ஏறியதுமே எட்டுகிற தூரத்தில் இருந்த பெட்ரோல் டேங்க்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிவிட்டார். படகைத் திருப்புகிற கம்பியைப் பிடியுங்கள் என்று அவள் கத்திப் பார்த்தாள். அவர் டேங்க்கை விடுவதாக இல்லை. வாய்த்த துணை இதுதான் என்று, படகை ஓட்டுவதையும் என்ஜினைப் பார்ப்பதையும் அவளே செய்தாள்.

அந்த டேங்க்குக்குப் போட்டிருந்த உறை அவர் தைத்ததுதான். வெயிலில் பெட்ரோல் வாடை தாங்கவில்லை, சேலையெல்லாம் நாறுகிறது என்று கோடை தொடங்கியபோது காலைக் கூட்டம் முணுமுணுத்ததால், கனத்த ரெக்ஸினில் அச்சுப் பிசகாமல் தைத்துக் கொடுத்திருந்தார். வாடை துளியும் வரக்கூடாது என்று மூடி இருக்கிற இடத்தில் உள்பக்கம் ரப்பர் வைத்து, நாடாவால் இறுக்கிக் கட்டுகிற மாதிரி செய்திருந்தார். டேங்க்குக்குத் தோல் போர்த்தியது போல அப்படி ஒரு கச்சிதம். பெண்கள் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

திட்டு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு முதல் இருமலுக்குக் காத்திருந்தாள். புருஷனோ கண்ணைத் திறந்து, தான் கட்டிப்பிடித்திருந்ததைக் கீழும் மேலும் பார்த்தார்.

"ஏம்மா, இது இளைச்சிடுச்சு."

எது இளைத்தது, யார் இளைத்தது என்று அவள் எரிந்து விழுந்தாள். பயத்தில் மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். அவர் விடவில்லை. ஏறும்போது உறை கச்சிதமாக இருந்தது, இப்போது இடுப்பில் சுருக்கம் விழுகிறது, என் தையல் தொளதொளக்காது, டேங்க்தான் மெலிந்திருக்கிறது என்று சாதித்தார். அவர் சொல்லி முடிக்கவும் என்ஜின் இருமி, விக்கி, நிற்கவும் சரியாக இருந்தது.

ஆறு அமைதியாகிவிட்டது. மற்ற நாளாக இருந்தால் பெண்கள் போடுகிற கூச்சலில் எதுவும் கேட்டிருக்காது. அவள் நாடாவை அவிழ்த்து, மூடிமேல் இருந்த ரப்பரை விலக்கினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. உள்வாங்கிக் கிடந்த பிளாஸ்டிக் டேங்க் பொக்கென்று பழைய தொப்பைக்குத் திரும்பியது. மூடியின் நடுவில் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று போக வேண்டும். போகிற வழியை ரப்பர் அடைத்துவிட்டது. ஒரு கட்டத்துக்கு மேல் என்ஜின் எவ்வளவு உறிஞ்சினாலும் டேங்க் ஒரு சொட்டு விடாது. ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் பார்க்கிறேன் என்று இவளே உறையை அவிழ்த்துக் காற்றை விட்டிருக்கிறாள். ஓடியது அதனால்தான். பழியை மட்டும் சூடு வாங்கிக்கொண்டது. மெக்கானிக் அண்ணனின் டேங்க்குக்குத்தான் சட்டை போட்டுவிட ஆள் இல்லையே!

"நல்லது செய்யப் போய் உன் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டேனே," என்றார் தையல்காரர். முகம் செத்துப்போயிருந்தது.

அவளுக்கோ சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், படகு ஆடியது, அவர் ஐயோ ஐயோ என்று மறுபடி டேங்க்கைக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். ஊரிலேயே நல்ல தையல்காரருக்கு வாக்கப்பட்டதுதான் என் தப்பு, கொஞ்சம் மட்டமாகத் தைக்கிறவராக இருந்தால் படகு நின்றிருக்குமா என்றாள். அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற குட்டிக் கத்தரியை எடுத்து, ரப்பரில் ஒரு வட்டம் வெட்டியெறிந்தார். அன்று படகு திட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

சாயங்காலம் காலைக் கூட்டத்திடம் சொல்லக் கிளம்பியவளைத் தனியாக அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. கூடவே வந்து, நர்ஸம்மா வீட்டு வாசலில் நின்று, என் தையலால் வந்த வினை, என் வீட்டுக்காரி மேல் தப்பில்லை என்று தன் வாயாலேயே சொன்னார். தையல்காரர் தன் தையலைப் பற்றி இப்படிச் சொல்வதென்றால் சும்மாவா? நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மற்றவர்களிடமும் சொல்கிறேன், நாளைக்கு ஒரு நாள் பார்ப்போம் என்றார்.

திங்கட்கிழமை எல்லாரும் வந்தார்கள். வந்தார்களே தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் காதும் என்ஜினிடம். திட்டு வந்தது. டீச்சர் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார். திட்டு பின்னால் போனது. அப்போதும் மூச்சுச் சத்தம்தான். படகக்காவின் உள்ளங்கை வேர்த்துக் கம்பி வழுக்கியது.

அப்புறம் பிஸ்கட் கம்பெனிப் பெண் ஒருத்தி மெதுவாக மாமியார் புராணத்தை ஆரம்பித்தாள். அந்த அம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்று டீச்சர் மறுத்தார். உங்களுக்கு என்ன தெரியும் என்று இன்னொருத்தி குறுக்கே விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரே களேபரம். என்ஜின் பக்கம் யார் காதும் போகவில்லை.

கரை வந்ததும் இறங்கி, சண்டையைத் தொடர்ந்துகொண்டே மேலே ஏறினார்கள். நன்றாக ஓடியது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசியாக இறங்கிய நர்ஸம்மா நாலு அடி போனவர் திரும்பி வந்தார்.

"சாயங்காலம் எனக்குக் கொஞ்சம் லேட்டாகும்க்கா. என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க."

படகக்கா தலையை ஆட்டிவிட்டு என்ஜினை இழுத்துக் கிளப்பினாள். படகு கரையை விட்டு நகர்ந்ததும் உரக்கப் பாட ஆரம்பித்தாள்.