பாதி வரி அத்தான்

எங்கள் அத்தானைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பாதி வரி’ என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். துறைமுகத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டுக் கிளியரிங் ஏஜென்டாக இருந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. விலைக்கு மேல் சுங்கவரி, இரண்டையும் கூட்டி அதற்கு மேல் விற்பனை வரி, பிறகு கிடங்கு வாடகை என்று அவர் அடுக்கினால் வந்தவருக்குத் தலை சுற்றும். அப்புறம் அவரே வழியும் சொல்வார்.

"புதுசுக்குத்தாங்க இவ்வளவு. அட்டையைப் பிரிச்சு, நாலு நாள் ஓட்டி, பழசுன்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க. பாதிகூட வராது."

டிவியும் கணினியும் இப்படித்தான் எங்கள் தெருவுக்குள் வந்தன. அக்காவுக்குப் பெருமை தாங்காது.

"உங்க அத்தானை எவனும் ஏமாத்த முடியாதுடி."

"அவர் ஊரையே ஏமாத்துவாரு" என்பேன் நான்.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. வீட்டிலேயே ஆக்சிஜன் தரும் மிஷின் இருந்தால் சில வருடம் ஓட்டலாம் என்றார் டாக்டர். இங்கே கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தம்பி உடனே வாங்கிவிட்டு, அனுப்பும் முன் அத்தானுக்குப் போன் செய்தான். அத்தானின் வாய் பழக்கத்தில் தானாகவே சொன்னது.

"பெட்டி சீலை உடைச்சிடு மாப்ள. பழசுன்னு எழுதி அனுப்பு."

பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. நானும் கூடப் போனேன். அதிகாரி பழகிய மனிதர்தான், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பழைய மருத்துவ மிஷின் உள்ள வரக்கூடாது. தடை."

"முழு வரியும் கட்டிடறேன் சார். அபராதம் போடுங்க, அதையும் கட்டறேன். வீட்டுல மூச்சு விட முடியாமக் கிடக்கறா."

"எந்த வரி? நோயாளிக்கு வர்ற மிஷின், சீல் உடைக்காம வந்தா வரியே கிடையாதே. உங்களுக்குமா தெரியாது?"

தெரியாது. வரியில்லாத சரக்கு அவரிடம் வந்ததே இல்லை. அதற்கு யார் ஏஜென்டைத் தேடுவார்கள்? ஆனாலும் முன்னாலேயே அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டுக்குப் போனதும் அக்கா முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்றுதான் வந்தேன்.

அக்கா வாடகை ஆக்சிஜன் சிலிண்டரின் குழாயை மூக்கிலிருந்து விலக்கினாள்.

"எவ்வளவு வரியாம்?"

"ஒண்ணுமே இல்லையாம்" என்றார் அத்தான். "வந்துடும்."

"பாதிகூட இல்லையா?" மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியாடி, உங்க அத்தானை."

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

தம்பி கடன் வாங்கி இன்னொரு மிஷின் அனுப்பினான், சீல் பிரிக்காமல். அது வந்து சேர்ந்தபோது அக்கா இல்லை. திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அத்தான் கேட்கவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

அதிகாரி இந்தத் தடவை நன்றாகவே பேசினார். "இதுக்கு வரி இல்லை. நோயாளி பேரை மட்டும் எழுதுங்க."

அத்தான் பேனாவைக் கீழே வைத்தார்.

"நோயாளி இல்ல சார். முழு வரியும் போடுங்க."