வியாழக்கிழமை திணறிய டவர்

தாச்சிவா எங்கள் கைபேசி நிறுவன அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த சமயத்தில், கானா நாட்டின் டெச்சிமான் ஊர்ச் சந்தை டவரைப் பற்றி நாங்கள் எல்லோரும் ஒரே முடிவில் இருந்தோம். இன்னொரு டவர் போட்டால்தான் விடிவு என்பதே அந்த முடிவு. அக்ராவிலிருந்த தலைமை அலுவலகமோ இப்போதைக்கு முடியாது என்று கைவிரித்துவிட்டது.

வியாழக்கிழமை வடக்கிலிருந்து லாரிகள் வந்து பெருவள்ளிக் கிழங்கை இறக்கியதும் டவர் திணற ஆரம்பிக்கும். சந்தையில் பணம் கைபேசி வழியாகவே கைமாறியது. கிழங்கு வண்டியில் ஏறிவிடும். பணம் வந்ததா என்று சொல்லும் குறுஞ்செய்தி மட்டும் வராது. வாங்கியவரும் விற்றவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்பார்கள்.

தாச்சிவா பக்கத்து ஊரான என்கொரான்சாவைச் சேர்ந்தவள், லாரி ஓட்டுநரின் மகள். குமாசியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தவள். கணவர் வடக்கே தமாலேயில் பள்ளி ஆசிரியர். மகளும் அவரோடுதான் இருந்தாள். வார இறுதியில் பஸ் ஏறிப் போய்விட்டு, திங்கட்கிழமை காலையில் தூக்கக் கண்களோடு வந்து உட்காருவாள். வந்த புதிதிலேயே டவரின் பதிவுகளை எல்லாம் இறக்கிப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னாள்:

"டவர் பேசறதுல கோளாறு இல்லப்பா. அதுக்கு வர்ற பதில்லதான் நெரிசல்."

அவள் சொன்னது இதுதான். ஒவ்வொரு கைபேசியும், டவரின் குரல் தனக்கு எப்படிக் கேட்கிறது என்று இடைவிடாமல் டவருக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். நன்றாகக் கேட்கிறது என்றால் டவர் வேகமாகப் பேசும். மங்கலாகக் கேட்கிறது என்றால் நிதானமாகப் பேசும். இந்த நிலவரச் செய்திகளும், ஆட்கள் அனுப்பும் பணமும் பேச்சும், டவருக்குப் போகும் அதே குறுகலான பாதையில்தான் போயாக வேண்டும். சந்தை நாளில் ஊர் முழுக்கக் கைபேசி. நிலவரச் செய்திகளே பாதையை அடைத்துக்கொண்டு நின்றன.

"கிழங்கு விக்கிறவங்க காலையில உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திருக்கிறாங்க. உட்கார்ந்த இடத்துல இருக்கிற போன் எதுக்கு இத்தனை தடவ சொல்லணும்? புது டவர் வேண்டாம், இதையே நான் சரி பண்றேன்," என்றாள்.

எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. அக்ராவிலிருந்த மேலாளர் குவார்ட்டேயிடம் அனுமதி வாங்கி, கைபேசிகள் நிலவரம் சொல்லும் இடைவெளியை நீட்டினாள். திங்கள், செவ்வாய் எல்லாம் அருமையாகப் போனது. வியாழன் காலையிலும் பழுதில்லை. உச்சி வெயில் ஏறியதும் மொத்தமும் படுத்துக்கொண்டது. முன்பு தாமதமாகவாவது வந்த பணச் செய்திகள் இப்போது வரவே இல்லை.

மறுநாள் கிழங்குச் சந்தையின் ராணி நானா ஃபோசுவா, நாலைந்து பெண்களோடு எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சந்தையில் அவர் வைத்ததுதான் சட்டம்; எல்லோரும் மரியாதையாக 'நானா' என்றே அழைப்பார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டவரைத் தொட்டது யாரு?"

"நான்தான், நானா."

"நீயா? இத்தினியூண்டு இருக்க! நொண்டிகிட்டாவது நடந்துது. இப்ப காலை ஒடிச்சுக் கையில குடுத்திட்டியே!"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். தாச்சிவா சிரிக்கவில்லை.

"தப்பு என்னோடதுதான், நானா. பழையபடி மாத்திட்டேன். ஆனா விடமாட்டேன். உங்க கடைகிட்ட நின்னு பார்க்கணும். இடம் குடுங்க."

"நிக்கிறதுக்கு நான் எதுக்கு இடம் குடுக்கணும்? வழியை மறிக்காம நில்லு. கிழங்கு தூக்குறவன் மோதிட்டா என்னைக் கேக்காத."

அன்று மாலையே குவார்ட்டே தொலைபேசியில் வந்தார். "சந்தை நாள்ல இனிமே நீங்க டவர் பக்கம் கை வைக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார். பார்க்கலாமில்ல?"

"பார்த்துக்கோங்க. பார்க்கிறதுக்கு யார் என்ன சொல்லப் போறாங்க?"

அடுத்த வியாழனிலிருந்து அவள் சோதனைக் கைபேசிகளோடு கிழங்குக் குவியல்களுக்கு நடுவில் நின்றாள். நானும் கூடப் போனேன். வாழையிலையில் மடித்த வாச்சே என்ற காராமணிச் சோற்றை நின்றபடியே சாப்பிடுவாள். கடைக்காரப் பெண்கள் அவளுக்கு 'டவர் பொண்டாட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "உன் புருஷன் இன்னைக்காவது பேசுவானாடி?" என்று தூரத்திலிருந்தே கேட்பார்கள். "பேச வைக்கிறேன் பாருங்க" என்பாள்.

மூன்றாவது சந்தையில் விஷயம் பிடிபட்டது. ஒரு மேசைமேல் அசையாமல் வைத்த கைபேசியில் சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. டவருக்கும் மேசைக்கும் நடுவில் தலைச்சுமைகாரர்கள் வரிசையாகப் போனார்கள். ஒரு லாரி பின்வாங்கி வந்து நின்றபோது பாதி சிக்னல் போய்விட்டது. நகர்ந்ததும் திரும்பி வந்தது.

"போன் அசையல. அதைச் சுத்தி எல்லாமே அசையுது," என்றாள் தாச்சிவா. "நல்லா கேக்குதுன்னு சொன்ன போனுக்கு முன்னாடி லாரி வந்து நின்னுடுது. டவர் பழைய சேதியை நம்பி வேகமாப் பேசுது. போனுக்குப் புரியல. திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லுன்னு கேக்குது. நெரிசல் இன்னும் கூடுது. நான்தான் கூட்டிவிட்டேன்."

"அப்ப இடைவெளியைக் குறைக்கணுமா?" என்று கேட்டேன்.

"குறைச்சா பழைய கதைதான்."

அப்படியே கிழங்குக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரப் பெண் கத்தியும் எழுந்திருக்கவில்லை.

வழி டவருக்குள்ளேயே இருந்தது. டவர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் கைபேசி 'கிடைத்தது', 'கிடைக்கவில்லை' என்று ஒரு சிறிய பதிலை எப்படியும் அனுப்பும். நிலவரச் செய்திகளை அரிதாகவே வைத்துக்கொண்டு, எந்தக் கைபேசியிடமிருந்து 'கிடைக்கவில்லை' அடுத்தடுத்து வருகிறதோ, அதனிடம் மட்டும் புது நிலவரம் கேட்கலாம். அப்படிக் கேட்கும் வசதி டவரில் உண்டு. எப்போது கேட்பது என்ற விதியை மட்டும் இந்தச் சந்தைக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

குவார்ட்டே உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மறுத்தபோதெல்லாம், கேட்ட கேள்விக்கு விடையாகப் புதிய அளவுகளோடு மறுபடி அழைத்தாள். புதுக் கிழங்கு வரும் ஆகஸ்டில் கடைசியாக இறங்கி வந்தார்.

"டவர்ல கிழங்குப் பக்கம் பார்த்த ஆன்டெனா ஒண்ணுக்கு மட்டும். மத்த ரெண்டையும் தொடாதீங்க. கெட்டுப்போனா அந்த நிமிஷமே பழையபடி."

"சரி சார்."

அந்த வியாழன் நான் அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சந்தையில் நின்றாள். உச்சி வெயிலில் என்னை அழைத்தாள். அழைப்பு முதல் முயற்சியிலேயே கிடைத்தது. அதைத்தான் நாங்கள் இருவரும் முதலில் கவனித்தோம். பின்னால் நானா ஃபோசுவாவின் குரல் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பணம் வரவில்லை என்று அல்ல. அழுகிய கிழங்கை அடியில் வைத்து விற்றதற்காக.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"கிழங்குச் சண்டை போடுறாங்க," என்றாள்.

கிழங்குப் பக்கம் தேறியது. ஆனால் பிறகு குவார்ட்டேயின் அனுமதியோடு லாரி நிலையத்தைப் பார்த்த பக்கத்தில் இதே முறையைப் போட்டும் பலன் சொற்பம்தான். அங்கே கைபேசிகளே வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தன. டவர் அவற்றிடம் ஓயாமல் நிலவரம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதம் விதியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, குவார்ட்டேயை அழைத்தாள்.

"சார், லாரிப் பக்கத்துக்கு இன்னொரு டவர் வேணும்."

"டவர் வேண்டாம், நானே சரி பண்றேன்னு சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன். ஒரு பக்கத்துக்குச் சரி பண்ணிட்டேன். இன்னொரு பக்கம் இதால முடியாது. ஏன் முடியாதுன்னு எல்லா அளவும் எடுத்து வெச்சிருக்கேன். எப்ப வந்து காட்டட்டும்?"

குவார்ட்டே அவளைச் செவ்வாய்க்கிழமை அக்ராவுக்கு வரச் சொன்னார். தமாலேக்கு மாற்றல் உத்தரவும் அதே வாரம் வந்தது. மகளோடு இருக்க அவளே கேட்டு வாங்கியது. லாரி நிலைய டவர் எழும்பும்வரை போகமாட்டேன் என்று அதைத் தள்ளி வைத்தாள். அதுவரை வார இறுதிகளில் மகள்தான் அப்பாவோடு பஸ் ஏறி டெச்சிமானுக்கு வந்து போனாள்.