துடைத்த நாற்காலி

வேலை மாற்றலாகிக் கம்பத்துக்கு வந்த முதல் ஞாயிறு, பக்கத்துக் கிராமத்தில் புதிதாகக் கட்டியிருந்த ஒரு சபைக்கு ஆராதனைக்குப் போனேன். வருகிறவர்களை உட்கார வைக்க ஒருவர் வாசலில் நின்றார். கசங்காத வெள்ளைச் சட்டை, முகத்தில் பவுடர், கையில் கட்டம்போட்ட கைக்குட்டை. யார் வந்தாலும் நாற்காலியை அதைக் கொண்டு துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். எனக்கும் துடைத்தார். அந்த மரியாதை பிடித்திருந்தது.

பாட்டு தொடங்கியதும் என் காதருகே குனிந்தார்.

“எந்த ஊர்லருந்து வந்திருக்கீக?”

“சின்னமனூர்.”

“அங்கன எந்தத் தெரு?”

தெருவைக் கேட்கிறவர் சாதியைக் கேட்கிறார் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். “பஸ் ஸ்டாண்டு பக்கம்” என்றேன்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாத் தெருவும்தான இருக்கு!”

ஜெபத்துக்குக் கண்ணை மூடினேன். அப்போதும் விடவில்லை.

“கோவிச்சுக்கிறாதீக. எங்க சொந்தக்காரவுக அங்கன இருக்காக, அதான் கேட்டேன்.”

எதற்காக ஜெபிக்க வந்தேன் என்பதே மறந்துபோனது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் டீயை அவரே கொண்டுவந்து கொடுத்தார். “அடுத்த வாரமும் அவசியம் வரணும்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். நான் எழுந்துவந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற நாற்காலிகளையும் துடைக்கிறாரா என்று நின்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.