பவுலினும் மஞ்சள் தூசியும்

டார்ச்சைத் தூக்கிப் பிடித்தபடி குழாயின் கண்ணாடித் துவாரத்துக்குள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள் பவுலின். உள்ளே கஸ்டர்ட் பவுடரின் தூசி மெல்லச் சுழல்கிறது. வெளிச்சம் பட்ட இடத்தில் பொன்னாக மின்னி, விலகியதும் இல்லாமல் போகிறது. தூசி எங்காவது படிந்திருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அவளுக்குப் பத்து நிமிடம் ஆகும். "அக்கா மறுபடியும் படம் பாக்குறாங்க" என்பான் மூட்டை பிடிக்கும் நாணு. அவள் திரும்பமாட்டாள்.

ஹெப்பகோடியில் உள்ள அந்தத் தொழிற்சாலையின் சென்சார்கள் எல்லாம் அவள் பொறுப்பு. வயது நாற்பத்தேழு. ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். எத்தனை முறை குளித்தாலும் தலைமுடியில் வெனிலா வாசனை போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பின்வரிசைப் பிள்ளைகள் அவள் பக்கமாகச் சாய்ந்து மோந்து பார்ப்பார்கள். தெரிந்தும் தெரியாதவள் போல் ஜெபித்துக்கொண்டிருப்பாள்.

கஸ்டர்ட் பவுடரில் பெரும்பகுதியான சோளமாவு வெடிக்கும் என்றால் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. "அடுப்புல கொட்டினா சும்மா கருகும். காத்துல பறந்துட்டு இருந்தா ஒரு பொறி போதும், கூரை இருக்காது" என்பாள், குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில். தூசி வந்து சேரும் வடிகட்டித் தொட்டியில் அழுத்தம் சட்டென்று ஏறினால் சென்சார் கன்ட்ரோலருக்குச் சொல்லும். கண் இமைப்பதற்குள் அது சிலிண்டர்களைத் திறந்து அணைப்புத் தூளை உள்ளே பீய்ச்சிவிடும்.

போன மழைக்காலத்தில் அந்த சென்சார் காரணமே இல்லாமல் மூன்று முறை உற்பத்தி லைனை நிறுத்தியது. ஆர்டர் முடியும்வரை ஒரு வாரம் அதை வேலை செய்யாதபடி பைபாஸில் போடச் சொன்னார் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன். பவுலின் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"எழுதிக் குடுங்க சார். ஆளுங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டுப் போடறேன்."

அவர் எழுதித் தரவில்லை. அவள் இரண்டு நாள் தொட்டியின் மேலேயே உட்கார்ந்து, மழைத்தண்ணீர் இறங்கியிருந்த ஒரு கேபிள் இணைப்பைக் கண்டுபிடித்து மாற்றினாள். லைன் ஒழுங்காக ஓடியது. அப்படியும் அவர் ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை பத்தரை மணி. அரவை இயந்திரத்தில் ஏதோ இரும்புத் துண்டு உரசிப் பொறி பறந்திருக்கிறது. தொட்டிக்குள் 'தும்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லா மோட்டார்களும் ஒன்றாக நின்றன. மூடியின் இடுக்குகளிலிருந்து வெள்ளை அணைப்புத் தூள் கசிந்து, மஞ்சள் தூசியோடு கலந்து, கூரை வழியே விழுந்த வெயிலில் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் இருந்தது பவுலினுக்கு.

தொட்டியிலிருந்து ஆறடி தூரத்தில் நாணு, மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றான்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

ஓடி வந்த வெங்கடகிருஷ்ணன் கன்ட்ரோலரின் திரையைப் படித்தார். நிஜமாகவே நெருப்பா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் ஆமென்று தலையசைத்தாள். அவர் தொட்டியைப் பார்த்தார், நாணுவைப் பார்த்தார். லைன் எப்போது ஓடும் என்று கேட்கவில்லை.

நாணு இன்னும் மூட்டையை விடவில்லை. பவுலின் அவனருகில் போய், சாக்கைப் பற்றியிருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.